ஐஸ்கிரீம் கடையில் அம்மா

வலென்சியாவில் என் அக்கா முப்பது வருடமாக இருக்கிறாள். கன்னியாஸ்திரி. அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் வயதானவர்களைக் குளிப்பாட்டுவதும், சாப்பாடு ஊட்டுவதும், மருந்து கொடுப்பதும் அவளுடைய வேலை. நாங்கள் இரண்டு பேரும் இலங்கை மலையகத்தில், மஸ்கெலியாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடு ஒன்றில் பிறந்தவர்கள். அவள் மடத்தில் சேரப் புறப்பட்டபோது அவளுக்குப் பத்தொன்பது, எனக்குப் பதினொன்று. இருபத்தேழு வயதில் அவளை ஸ்பெயினுக்கு அனுப்பினார்கள். அதற்குப் பிறகு மூன்று தடவைதான் ஊருக்கு வந்திருக்கிறாள். மூன்று தடவையும் ஒரு மாதத்துக்கு மேல் தங்கவில்லை.

போன வருடம் அவளுக்கு முழங்காலில் சத்திரசிகிச்சை செய்தார்கள். மடத்துத் தலைவி எனக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதினார். தேறி வரும் நாட்களில் வீட்டார் யாராவது மூன்று வாரம் வந்து கூட இருக்கலாம், பயணத்தை மடமே பார்த்துக்கொள்ளும் என்று எழுதியிருந்தார். நான் ஹட்டனில் குடியிருக்கிறேன், பக்கத்துத் தோட்டப் பாடசாலையில் ஆங்கிலம் படிப்பிக்கிறேன். ஓகஸ்ட் விடுமுறை வந்ததும் புறப்பட்டேன். "மூணு வாரம் ஸ்பெயின்ல என்னா செய்யப் போற?" என்று என் கணவர் கேட்டார். எனக்கும் தெரியவில்லை. வளர்ந்த பிறகு அக்காவோடு மூன்று நாள் சேர்ந்தாற்போல் தனியாக இருந்த ஞாபகம் எனக்கு இல்லை.

அம்மாவைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். அம்மா இறந்து அப்போது ஐந்து வருடம் ஆகியிருந்தது. அது கொரோனா காலம். ஸ்பெயினில் கடைகளைத் திறந்துவிட்டார்கள், ஆனால் எங்கள் கட்டுநாயக்க விமான நிலையம் மூடியே இருந்தது. அக்காவால் வர முடியவில்லை. நான்தான் போனில் சொன்னேன். அவள் "சரி" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "நான் கோயிலுக்குப் போறேன்" என்று வைத்துவிட்டாள். அந்தச் "சரி" எனக்கு நெடுநாள் உறுத்திக்கொண்டிருந்தது.

மடத்து வாசலில் அக்கா ஊன்றுகோலோடு நின்றாள். "கறுத்துப் போயிட்ட" என்றாள். அவளும் கறுத்துத்தான் இருந்தாள், ஆனால் நான் சொல்லவில்லை. அவள் துறவு வார்த்தைப்பாடு கொடுத்த நாளிலிருந்து அப்பா சாகும் வரைக்கும் அவளைச் "சிஸ்டர்" என்றுதான் கூப்பிட்டார், "வாங்க, போங்க" என்றுதான் பேசினார். அம்மா மட்டும் "பெரியவளே" என்பதை விடவில்லை. நான் ஆட்களுக்கு முன்னால் சிஸ்டர் என்பேன், இல்லாதபோது அக்கா என்பேன். அங்கே யாருக்கும் தமிழ் தெரியாது என்பதால் மூன்று வாரமும் அக்கா என்றே கூப்பிட்டேன்.

முதல் வாரம் ஒன்றும் நடக்கவில்லை. வெயில். எங்கள் ஊரில் ஓகஸ்ட் மாதம் மழையும் காற்றுமாகக் கம்பளி போர்த்த வைக்கும். அங்கே மத்தியானம் ஜன்னல் பலகைகளை மூடிவிட்டு எல்லோரும் படுத்துக்கொண்டார்கள். நான் அக்காவுக்குக் காலில் களிம்பு பூசினேன், மாடிப்படி ஏறி இறங்கப் பழக்கினேன். அவளுடைய தமிழில் சில சொற்கள் தேய்ந்திருந்தன, சில அப்படியே இருந்தன. காரை இன்னும் "பிளசர்" என்றாள், அது அப்பாவின் சொல். பேசுவதற்கு எங்களுக்கு அதிகம் இல்லை. அம்மாவைப் பற்றி அவள் கேட்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அவள் தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு, "வா, ஒரு எடத்துக்குப் போவோம்" என்றாள்.

"எங்க?"

"ஐஸ்கிரீம் கடைக்கு."

ஐம்பத்தேழு வயதுக் கன்னியாஸ்திரி ஐஸ்கிரீம் சாப்பிடப் போவதை நான் எதிர்பார்க்கவில்லை. மஸ்கெலியாவில் எங்களுக்கு ஐஸ்கிரீம் என்றால் திருவிழாவுக்கு வரும் ஐஸ் பக்கட்தான். அதையும் சளி பிடிக்கும் என்று அம்மா வாங்க விடமாட்டார். குளிரில் நடுங்கிக்கொண்டே குளிர்ந்ததைச் சாப்பிட வேண்டிய அவசியம் என்ன என்பது அவருடைய கேள்வி.

கடை பழைய சந்தைக்குப் பின்னால், ஒரு பிளசர் மட்டும் போகக்கூடிய தெருவில் இருந்தது. உள்ளே சலவைக்கல் மேசைகள், சுவரில் நீலப்பூ ஓடுகள். கண்ணாடிப் பெட்டிக்குள் வண்ணம் வண்ணமாகக் குவித்து வைக்கும் பழக்கம் அங்கே இல்லை. முன்னால் இருந்த கறுப்பு மேடையில் வட்டமான உலோக மூடிகள் பத்துப் பன்னிரண்டு பதிந்திருந்தன. மூடியைத் திறந்து, கை முழங்கை வரை உள்ளே போகிற ஆழத்திலிருந்து அள்ளினார்கள். எந்த மூடிக்குக் கீழே எது என்று எழுதியிருக்கவில்லை. அள்ளுகிறவர்களுக்குத் தெரியும்.

சுவரில் ஒரு பழைய படம். தொப்பி போட்ட ஒரு மனிதர் இரண்டு கோவேறு கழுதைகளோடு நிற்கிறார். கடைக்காரியின் பாட்டனாருக்கு அப்பா அவர் என்று அக்கா சொன்னாள். அவர்கள் நகரத்து ஆட்கள் அல்ல, தெற்கே உள்ள மலைகளில் இருந்து வந்தவர்கள். அங்கே குளிர்காலத்தில் பெய்த பனியைக் கல் கட்டிய பெரிய குழிகளில் மிதித்து இறுக்கி, வைக்கோல் போட்டு மூடி வைப்பார்களாம். கோடையில் அதை வெட்டி எடுத்துக் கழுதை மேல் ஏற்றி நகரத்துக்குக் கொண்டுவந்து விற்பார்களாம். பனி விற்றவர்கள் பிறகு அந்தப் பனியைக் கொண்டு ஐஸ்கிரீம் செய்யத் தொடங்கினார்கள். இப்போது நடத்துவது நான்காம் தலைமுறை.

"நானும் மலையில இருந்து வந்தவன்னு சொன்னதும் ரொம்ப ஒட்டிக்கிட்டாங்க" என்றாள் அக்கா. "பனி பெய்யுமான்னு கேட்டாங்க. நுவரெலியாவுல தைமாசம் பூம்பனி விழும், கொழுந்தெல்லாம் கருகிப் போயிரும்னு சொன்னேன். அத நீங்க விக்கிறது இல்லையான்னு கேட்டாங்க."

கடைக்காரிக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். குள்ளம், கட்டையாக வெட்டிய முடி, வெள்ளை மேலங்கி. அக்காவைக் கண்டதும் மேடைக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து, என் முகத்தை இரண்டு கைகளாலும் பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தார். கைகள் ஐஸ் போல் இருந்தன. எங்களை உட்கார வைத்துவிட்டு, நாங்கள் கேட்காமலே இரண்டு கிண்ணம் கொண்டுவந்து வைத்தார். வெள்ளை நிறம், மேலே கறுவாத் தூள். பாலை எலுமிச்சைத் தோலோடும் கறுவாப்பட்டையோடும் காய்ச்சி உறைய வைத்தது. நான் ஒரு கரண்டி வாயில் வைத்ததும் அவர் உள்ளே ஓடிப்போய் ஒரு கண்ணாடிப் போத்தலைக் கொண்டுவந்து காட்டினார். அதில் கறுவாப்பட்டைகள் இருந்தன. மேலே ஒட்டிய தாளில் சிலோன் என்று ஸ்பானிய எழுத்துக் கூட்டலில் எழுதியிருந்தது. நான் தலையாட்டினேன். கறுவா விளைவது எங்கள் மலையில் அல்ல, தெற்கே கரையோரத்தில் என்று சொல்ல வேண்டும்போல் இருந்தது. அவ்வளவு தூரத்தில் இருந்து பார்த்தால் அது பெரிய வித்தியாசம் இல்லை என்று விட்டுவிட்டேன்.

அக்காவும் அவரும் பேசிக்கொண்டார்கள். அக்கா அப்படிச் சத்தமாகச் சிரிப்பதை நான் அதற்கு முன் கேட்டதில்லை. மேசையில் தட்டித் தட்டிச் சிரித்தாள். அந்தப் பேச்சில் "மாத்ரே" என்ற சொல் வந்தது. அம்மா என்று அர்த்தம் என ஊகித்தேன். அக்கா "பியென், பியென்" என்றாள். நல்லது, நல்லது.

பிறகு கடைக்காரி என் பக்கம் திரும்பி, மகனைக் கூப்பிட்டார். முப்பது வயது மதிக்கத்தக்க அந்த மகன் சில வருடம் அயர்லாந்தில் வேலை செய்தவன், நல்ல ஆங்கிலம் பேசினான்.

"உங்கள் அம்மாவின் இருமல் எப்படி இருக்கிறது என்று கேட்கிறார்" என்றான். "கண் ஒப்பரேஷனுக்குப் பிறகு தூரத்தில் இருப்பது தெரிகிறதா என்றும் கேட்கிறார்."

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் பக்கம் கண்ணைத் திருப்பவும் இல்லை, காலால் தட்டவும் இல்லை. கடைக்காரி என் முகத்துக்கு நேரே காத்துக்கொண்டிருந்தார்.

"இருமல் குறைந்திருக்கிறது" என்றேன். "கண் நன்றாகத் தெரிகிறது."

மகன் மொழிபெயர்த்தான். கடைக்காரி கையை நெஞ்சில் வைத்துக்கொண்டார். அதன்பிறகு அரைமணி நேரம் நான் என் அம்மாவின் கதைகளைக் கேட்டேன். அந்தக் கதைகளில் அம்மா கண் ஒப்பரேஷனுக்கு வரிசையில் இரண்டு வருடம் காத்திருந்தார். நான்தான் அவரை நுவரெலியா ஆசுபத்திரிக்குக் கூட்டிப் போனேன். கண்கட்டை அவிழ்த்த அன்று அம்மா என்னைப் பார்த்து, நீ இவ்வளவு நரைச்சிட்டியா என்று கேட்டார். லீக்ஸ் பாத்தி போட்டார். பக்கத்து வீட்டுக் கோழி பாத்தியைக் கிளறியதால் ஒரு மாதம் அந்த வீட்டோடு பேசவில்லை, பிறகு கிறிஸ்மஸுக்குச் சமாதானமானார். இதையெல்லாம் அந்த மகன் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல, நான் ஆமாம் என்றேன். கோழி விஷயத்தில் கடைக்காரி அம்மாவின் பக்கம்.

திரும்பும்போது நாங்கள் பழைய ஆற்றுப் படுகை வழியாக நடந்தோம். ஆற்றை வேறு பக்கம் திருப்பிவிட்டு, அது ஓடிய இடத்தைப் பூங்காவாக்கி வைத்திருக்கிறார்கள். அக்காவின் ஊன்றுகோல் சரளைக் கல்லில் சறுக்கியது. ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம்.

"என்னாக்கா இது?" என்று கேட்டேன்.

அவள் முழங்காலை நீட்டி வைத்துக்கொண்டாள். பிறகு சொன்னாள். கடைக்காரியின் தாயார் கடைசி நாலு வருடம் அக்கா வேலை செய்யும் இல்லத்தில்தான் இருந்திருக்கிறார். மறதி நோய் வந்தவர். வேறு எதுவும் சாப்பிடமாட்டார். மகள் தினமும் கடையிலிருந்து குளிர்ப் போத்தலில் பால் ஐஸ்கிரீம் கொண்டுவர, அக்கா ஊட்டியிருக்கிறாள். அவர் இறந்தபோது பக்கத்தில் இருந்ததும் அக்காதான். அடக்கம் முடிந்த அன்று கடைக்காரி அக்காவைக் கட்டிப்பிடித்து அழுதுகொண்டு, இனி நம் இரண்டு பேருக்கும் உன் அம்மா ஒருத்திதான் என்றாராம். அதிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் முதல் கேள்வி அதுதான். அம்மா எப்படி இருக்கிறார்?

"நீ போன் பண்ணி சொன்னது வெள்ளிக்கெழம" என்றாள் அக்கா. "ஞாயித்துக்கெழம கடைக்குப் போனேன். வாயில மாஸ்க். அவங்க ஒரு பிளாஸ்டிக் தடுப்புக்கு அந்தப் பக்கம். எனக்குப் பின்னால பத்து பேரு தள்ளித் தள்ளி நிக்கிறாங்க. அவங்க அங்கேயிருந்து கத்தி கேக்குறாங்க, அம்மா எப்படி இருக்காங்கன்னு. நானும் கத்தித்தான் சொல்லணும். செத்துப் போயிட்டாங்கன்னு கத்த முடியுமா? நல்லா இருக்காங்கன்னு சொல்லிட்டேன்."

"அடுத்த வாரம் சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லத்தான் போனேன். எப்ப செத்தாங்கன்னு கேட்டா என்னா சொல்றது? போன வாரம் நல்லா இருக்காங்கன்னு சொன்னது நான்தான?"

"அதுக்காக அஞ்சு வருசமா?"

அவள் ஊன்றுகோலின் நுனியால் சரளையை ஒதுக்கிக்கொண்டிருந்தாள்.

"கண் ஆப்ரேசன் எதுக்குச் செஞ்ச?" என்று கேட்டேன். அம்மா உண்மையிலேயே அந்த வரிசையில் இருந்தவர். முறை வருவதற்கு முன்பே போய்விட்டார்.

"அவங்க கேட்டுக்கிட்டே இருந்தாங்க. வரிசையில இருக்காங்க, வரிசையில இருக்காங்கன்னு எத்தன வாட்டி சொல்றது? செஞ்சிட்டேன்."

"நான் கூட்டிட்டுப் போனேனா?"

"நீதான். பஸ்ஸுல. ரெண்டு நாள் கூடவே தங்கின."

"லீவு கெடச்சிச்சா எனக்கு?"

"கெடச்சிச்சி" என்றாள்.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். கொஞ்சம் வந்தது. ஆனால் மடத்துக்குத் திரும்பிப் படுத்த பிறகு நான் நினைத்துக்கொண்டிருந்தது வேறு. அந்தக் கடையில் நான் நல்ல மகளாக இருந்தேன். நிஜத்தில் நான் கல்யாணம் கட்டி ஹட்டனுக்கு வந்த பிறகு சனிக்கிழமைகளில் மட்டும் அம்மாவைப் பார்க்கப் போனேன். டவுனுக்கு வந்து எங்களோடு இருக்கும்படி கூப்பிட்டால் அவர் வரமாட்டார். நானும் இரண்டு தடவைக்கு மேல் கூப்பிட்டதில்லை.

அந்த வாரம் முழுக்க நாங்கள் அதைப் பற்றிப் பேசவில்லை. ஒரே ஒரு நாள், களிம்பு பூசும்போது, "இந்த ஞாயிறு நான் வரலக்கா" என்றேன். "நீ வராட்டி கேப்பாங்க" என்றாள். அதனால் போனேன்.

இரண்டாவது ஞாயிறு கடையில் கூட்டம் குறைவு. ஊரில் பாதிப்பேர் கடற்கரைக்குப் போயிருந்தார்கள். கடைக்காரி எங்கள் மேசையிலேயே வந்து உட்கார்ந்தார். காகிதப் பை ஒன்றை என் மடியில் வைத்தார். உள்ளே சாம்பல் நிறக் கம்பளிச் சால்வை. மகன் சொன்னான்: "குளிர்காலம் முழுவதும் பின்னியது. உங்கள் அம்மாவின் நெஞ்சுச் சளிக்கு."

நான் அதை விரித்துப் பார்த்தேன். நெருக்கமான பின்னல், ஓரத்தில் ஒரு தவறு, அதைப் பிரித்துத் திரும்பப் பின்னிய தடம் தெரிந்தது. நன்றி என்றேன்.

அப்போது கடைக்காரி மகனிடம் ஏதோ சொன்னார். அவன் மேலங்கிப் பையிலிருந்து தன் போனை எடுத்து மேசையில் வைத்தான். "உங்கள் வீட்டில் இப்போது எட்டரை மணிதானே? ஒரு நிமிஷம் வீடியோவில் கூப்பிடலாமா? அம்மாவின் முகத்தை ஒரு தடவை பார்க்க வேண்டுமாம்."

"அம்மா சீக்கிரம் படுத்துவிடுவார்" என்றேன்.

"எழுப்ப வேண்டாம். பக்கத்தில் யாராவது இருந்தால் தூங்குவதைக் காட்டட்டும்."

"தோட்டத்தில் சிக்னல் சரியாக இருக்காது. மழைக்காலம்."

சொல்லும்போதே சால்வையை மடிக்கத் தொடங்கியிருந்தேன். அக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினாள். பிறகு கடைக்காரியைப் பார்த்து இரண்டு மூன்று வாக்கியம் சொன்னாள். மெதுவாக, பிள்ளைகள் பாடம் ஒப்பிப்பது போல. அதில் "முரியோ" என்ற சொல் இருந்தது. அது எனக்குப் புதிய சொல், ஆனால் மகன் போனை மேசையிலிருந்து எடுத்து மறுபடி பைக்குள் போட்டதைப் பார்த்ததும் விளங்கிவிட்டது.

கடைக்காரி முதலில் அக்காவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். எப்போது, இந்த வாரமா என்று கேட்டிருக்கிறார். அக்கா ஐந்து விரலையும் விரித்துக் காட்டி, "சிங்கோ ஆன்யோஸ்" என்றாள். ஐந்து வருடம். கடைக்காரி கைகளை விட்டார். என் முகத்தைப் பார்த்தார். பிறகு எழுந்து, என் மடியிலிருந்த சால்வையை எடுத்து, அதை ஒழுங்காக மடித்து, பைக்குள் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு பேசினார். சத்தம் போடவில்லை. ஆனால் கடையில் இருந்த மற்றவர்கள் கரண்டியைக் கீழே வைத்தார்கள். பேசி முடித்து உள்ளே போய்விட்டார்.

"என்னாக்கா சொன்னாங்க?"

"அஞ்சு வருசமா ஒவ்வொரு ஞாயிறும் கோயில்ல அம்மா இருமலுக்கு மெழுகுதிரி ஏத்தியிருக்காங்களாம். செத்தவங்க இருமலுக்கு என்னைய மெழுகுதிரி ஏத்த வச்சிட்டியேன்னு கேட்டாங்க." அக்கா கிண்ணத்தை ஓரமாகத் தள்ளினாள். "அவங்க ஆத்துமாவுக்கு ஒரு நாள் கூட செபம் பண்ண விடலியேன்னு கேட்டாங்க."

நாங்கள் எழுந்தோம். மகன் வாசல் வரை வந்தான். ஏதோ சொல்ல நினைத்தான் போலும். கடைசியில், "படியைப் பார்த்து இறங்குங்கள்" என்று மட்டும் சொன்னான்.

அக்கா அழவில்லை. ஆற்றுப் படுகையில் அந்தப் பெஞ்சைத் தாண்டி நடந்தோம். மடத்துக் கதவருகில் நின்று, "இனிமே அங்க போக முடியாது" என்றாள். அவளுக்கு அந்த ஊரில் போவதற்கு வேறு வீடு இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. முப்பது வருடத்தில் மடம், இல்லம், கோயில் தவிர அவளாகத் தேடிப் போன இடம் அந்த ஒரு மேசைதான்.

மூன்றாவது ஞாயிறு, என் கடைசி ஞாயிறு, ஐந்து மணிக்கு அவள் தலைத்துணியைக் கட்டிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள்.

"போவோம்" என்றேன்.

"வெரட்டிட்டா?"

"வெரட்டினா வந்துருவோம். அஞ்சு வருசம் பொய் சொல்லத் தெரிஞ்சவளுக்கு அது பெருசா?"

அவள் என்னை முறைத்தாள். பிறகு ஊன்றுகோலை எடுத்தாள்.

கடைக்காரி எங்களை விரட்டவில்லை. மேடைக்குப் பின்னால் நின்று, மற்றவர்களிடம் கேட்பதுபோலவே என்ன வேண்டும் என்று கேட்டார். அந்தக் கேள்வியை அக்காவிடம் அவர் கேட்டது அன்றுதான் முதல் தடவையாம். அக்கா திணறினாள். வாயில் வந்ததைச் சொன்னாள். ஹேசல் கொட்டை போட்ட ஏதோ ஒன்று வந்தது. எங்கள் வழக்கமான மேசையில் ஒரு குடும்பம் உட்கார்ந்திருந்ததால் கதவோரம் இருந்து சாப்பிட்டோம். நன்றாகத்தான் இருந்தது. கடைக்காரி எங்கள் பக்கம் வரவில்லை. புறப்படும்போது அக்கா "அடியோஸ்" என்றாள். அவர் ஒரு மூடியைத் திறந்து உள்ளே குனிந்திருந்தார். குனிந்தபடியே ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று அக்காவுக்கும் சரியாகக் கேட்கவில்லை.

புதன்கிழமை நான் விமானம் ஏறினேன். சால்வை பிறகு என்ன ஆனது என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை.

ஹட்டனில் மழை விட்டபாடில்லை. மூன்றாம் தவணை தொடங்கியது. அக்கா வாரம் ஒரு தடவை பேசுவாள், முழங்காலைப் பற்றிச் சொல்வாள். கடையைப் பற்றி, "போறேன், வர்றேன்" என்று மட்டும் சொன்னாள். அங்கே அவர்கள் பேசிக்கொண்டார்களா என்று நான் தோண்டிக் கேட்கவில்லை.

ஒக்டோபரில் ஒரு ஞாயிறு, நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது போன் வந்தது. பின்னால் உலோக மூடிகள் மூடும் சத்தம் கேட்டது.

"கடையில இருந்து பேசுறேன்" என்றாள் அக்கா. "இவங்க பக்கத்துல இருக்காங்க. அம்மா எப்படி செத்தாங்கன்னு கேக்குறாங்க. எனக்குத் தெரிஞ்சத சொன்னேன். அது பத்தலன்னு சொல்றாங்க. நான் கேட்டு சொல்லணுமாம்."

"என்னா கேக்கணும்?"

"எல்லாம்."

நான் கை கழுவிக்கொண்டு வந்து கதவடியில் உட்கார்ந்தேன். கேள்விகள் ஒவ்வொன்றாக வந்தன. முதலில் ஸ்பானிய மொழியில் ஒரு குரல், பிறகு அக்கா. நான் சொல்வேன், அக்கா அந்தப் பக்கம் சொல்வாள். அம்மாவைக் குளிப்பாட்டியது யார்? நானும் எதிர் வீட்டு அக்காவும். என்ன சேலை? ஊதாக் கரை போட்ட வெள்ளை, அக்காவின் வார்த்தைப்பாட்டுக்கு எடுத்தது. பாதர் வந்தாரா? வந்தார், வாசலில் நின்று செபம் சொன்னார், அதற்குத்தான் அனுமதி. எத்தனை பேர்? சுகாதாரப் பரிசோதகர் பார்த்துக்கொண்டு நின்றார், ஆட்களை மாற்றி மாற்றி உள்ளே விட்டோம். மழையா? மழைதான். குழிக்குள் தண்ணீர் நின்றது. இரண்டு வாளி இறைத்துவிட்டுத்தான் பெட்டியை இறக்கினார்கள்.

ஐந்து வருடத்தில் இதை யாரும் என்னிடம் கேட்டதில்லை. கூட இருந்தவர்களுக்குத் தெரியும், இல்லாதவர்களுக்கு நான் சொல்லவில்லை. என் குரல் இயல்பாகத்தான் இருந்தது. என் கணவர் மட்டும் சாப்பாட்டுத் தட்டோடு எழுந்து உள் அறைக்குப் போய்விட்டார்.

பிறகு அக்கா கேட்டாள். "உசுரு போறப்ப பக்கத்துல யாருன்னு கேக்குறாங்க. நீதான் இருந்தன்னு சொல்லிட்டேன். கடைசியா ஏதாச்சும் பேசினாங்களான்னு கேக்குறாங்க."

அன்றைக்கு ஊரடங்கு. ஹட்டனிலிருந்து மஸ்கெலியாவுக்கு பஸ் இல்லை. செய்தி கிடைத்தது காலை ஆறு மணிக்கு. மரக்கறி லொறி ஒன்றில் ஏறி, மீதித் தூரம் நடந்து, நான் லயத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது பதினொரு மணி. அக்காவிடம் போனில் சொல்லும்போது நான் பக்கத்தில் இருந்தேன் என்றுதான் சொன்னேன். அவ்வளவு தூரத்தில் தனியாக இருக்கிறவளுக்கு அப்படிச் சொல்வதுதான் சரி என்று அப்போது பட்டது. அது அவளுக்காகச் சொன்னது மட்டும் அல்ல.

"நான் இல்லக்கா" என்றேன். "நான் போறப்ப முடிஞ்சிருச்சி. எதிர் வீட்டு அக்காதான் ராவெல்லாம் உக்காந்திருந்தாங்க. அம்மா தலைய மடியில வச்சிருந்தாங்களாம். தண்ணி கேட்டாங்களாம், ஒரு மொடக்கு குடிச்சாங்களாம். வேற ஒண்ணும் பேசலியாம்."

 கடையில் யாரோ ஒரு பிள்ளை எதையோ கேட்டு அடம்பிடிப்பது கேட்டது.  பிறகு அக்கா நான் சொன்னதை ஸ்பானிய மொழியில் சொல்லத் தொடங்கினாள். இடையில் ஒரு தடவை நிறுத்தினாள், திரும்பத் தொடங்கி முடித்தாள். கடைக்காரியின் குரல் ஏதோ கேட்டது.

"என்னாவாம்?" என்றேன்.

"அந்த அக்கா பேரு என்னான்னு கேக்குறாங்க. அவங்களுக்கும் மெழுகுதிரி வைக்கணுமாம்."

பெயரைச் சொன்னேன். அக்கா அந்தப் பெயரை அவருக்கு இரண்டு தடவை சொல்லிக் கொடுத்தாள்.